பெட்டி சொன்ன வீடு

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். யாரும் போட்டு வைக்காமலே நிறைந்திருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் உள்ளே இருப்பதைக் காட்டும். பார்க்கலாம், படிக்கலாம், வேறொரு தாளில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருப்பதில் ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது. அது என்ன?

கிணறு என்பீர்கள். கிணற்றில் கல்லைப் போடலாம், வாளி வாளியாக இறைத்து வற்றவும் வைக்கலாம். பிறந்த தேதி என்பீர்கள். ஆலங்கரை தாலுகா ஆபீஸ் வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

விடை வடிவுக்குத் தெரியும். தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில், நான்காம் எண் கடையில், ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், கட்டைவிரல் ரேகை பிடிக்கிற சின்னக் கருவி ஒன்று, வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல், இவற்றோடு அவள் ஆன்லைன் சேவை மையம் நடத்தினாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று ஒரு நாளைக்கு நூற்று நாற்பது விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் அதே தேதி, அதே ஊர், அதே வட்டம், அதே மாவட்டம். மூன்றாம் வருஷம் வலது மணிக்கட்டு வீங்கி, டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தளும்பியபோது, கையால் செய்கிற வேலையைக் கணினியே செய்துகொள்ளும்படி எழுதி வைக்கிற ஒரு மொழியை அவள் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் போய் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இடது கையால் கற்றுக்கொண்டாள்.

அந்த மொழியில் பெட்டிகள் உண்டு. படித்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வடிவு பெட்டி என்றே சொன்னாள். பெட்டியில் இரண்டு வகை. முதல் வகை, நாமே பெயர் வைத்து நாமே நிரப்புவது: வட்டம் என்று ஒரு பெட்டி, அதற்குள் ஆலங்கரை. இரண்டாம் வகை, கணினி தானாகவே நிரப்பி வைத்திருப்பது: இன்றைய தேதி, இப்போதைய மணி, திரையின் அகலம், கணினியின் பெயர், விசைப்பலகையை யாரும் தொடாமல் எவ்வளவு நேரமாயிற்று என்கிற கணக்கு, உட்கார்ந்து வேலை செய்கிறவரின் வீடு. வீடு என்றால் செங்கல் வீடு இல்லை, அவருடைய கோப்புகளைக் கணினி எந்த இடத்தில் சேர்த்து வைக்கும் என்பதற்கு அப்படியொரு பெயர். இந்த இரண்டாம் வகைப் பெட்டிகளைப் பார்க்கத்தான் முடியும்; நிரப்ப முடியாது. விடுகதைக்கு விடை இதுதான், இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வடிவு எட்டாம் விசையை அழுத்தினால் விண்ணப்பம் மளமளவென்று நிரம்பும். விண்ணப்பதாரர் கருவியில் கட்டைவிரலை வைத்தால் ரசீது அச்சாகி, அதன் நகல் ஒன்று வீடு என்ற பெட்டி காட்டுகிற இடத்தில் போய்ச் சேரும். இரண்டு வருஷம் அப்படித்தான் சேர்ந்தது.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, இருளப்பன் என்கிற லாரி ஓட்டுநர் மகனுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று கேட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைவிரலை வைத்தார். நகலைச் சேர்க்க முடியவில்லை, அப்படியோர் இடம் இந்தக் கணினியில் இல்லை என்று திரை சொன்னது. எந்த இடம் என்று வடிவு பார்த்தாள். கணவாய்ச் சாலை, மூன்றாவது வளைவு, புளிய மரத்தடியில் நிறுத்திய லாரியின் முன்சீட்டு, தலை வைக்கும் பக்கம் என்று எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, மூணாவது வளைவுல உங்களுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"அங்கனதான் வண்டிய ஓரங்கட்டித் தூங்குவேன். ஏன், போலீஸ்ல எழுதிட்டானா?"

"இல்ல, கம்ப்யூட்டர் சொல்லுது, அதான் உங்க வீடுன்னு."

இருளப்பன் திரையை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, "சரியாத்தான சொல்லுது" என்று சொல்லிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வடிவு எதையும் வரிசையாகச் சரிபார்க்கிறவள். தேதிப் பெட்டியைத் திறந்தாள், தேதி சரி. மணி சரி. திரையின் அகலம் சரி. கணினியின் பெயர் சரி. வீடு என்ற பெட்டி மட்டும் அடுத்து வந்த பெண்ணுக்கு, திருச்செந்தூர் போகிற பாசஞ்சர் ரயிலில் பெண்கள் பெட்டியின் கதவோரம் என்றது. அதற்கடுத்து வந்தவருக்கு, தம்பி வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்கு நிழல் என்றது. அந்தச் சொல்லைக் கணினி அதுவரை ஒரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தது, இப்போது வேறு விதமாகப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது என்று வடிவு முடிவு செய்தாள். வரிசையில் முப்பத்தெட்டு பேர் நின்றார்கள். நகல்கள் போய்ச் சேர வேறோர் இடத்தைத் தானே குறித்து, ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாள்.

ஆனால் ஊர் விடுமா? பக்கத்துக் கடையில் டீ போடுகிற மாசிலாமணி அண்ணாச்சி அன்று மாலையே வந்து கட்டைவிரலை நீட்டினார். அவருடைய வீடு பாய்லருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை அடி என்று தெரிந்ததும், "என் பொஞ்சாதி இருபது வருஷமா இதத்தான் சொல்லுதா, அவளுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் கிடையாது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் தாலுகா ஆபீஸ் வரிசையைவிட நான்காம் எண் கடை வரிசை நீளமாக இருந்தது. சான்றிதழுக்கு வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் போகவே, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வீடு பார்க்கப்படும் என்று வடிவு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். ஜனங்களும் சந்தைக்கு வருவதுபோல் செவ்வாயும் வெள்ளியும் வந்தார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஆலங்கரையில் அது பழகிப்போயிற்று. விண்ணப்பங்களில் நிலையான முகவரி, தற்காலிக முகவரி என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே பெட்டி சொன்ன முகவரியையும் ஜனங்கள் எழுதத் தொடங்கினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் முதல் வாரம் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் வாரம் சிவப்பு மையால் அடித்தார்கள், மூன்றாம் வாரம் தாங்களும் வந்து கட்டைவிரல் வைத்துப் பார்த்துவிட்டு அதற்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டார்கள். தபால்காரர் அந்த முகவரிகளுக்கு வந்த கடிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். முப்பத்தொன்றாம் எண் பஸ்ஸின் இடது பக்க நாலாவது ஜன்னலுக்கு வந்த ஒரு கடிதத்தை அவர் கண்டக்டரிடம் கொடுக்க, கண்டக்டர் அந்த ஜன்னலோரம் மாலையில் வந்து உட்கார்ந்த தமிழாசிரியரிடம் கொடுக்க, ஆசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிவந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு மாதமாகியும் பெட்டி இன்னும் தாய்வீட்டு அடுப்படியைக் காட்டுகிறதே என்று வடக்குத் தெரு சிவகாமி ஆச்சி மருமகளை வரிசையில் வைத்தே ஏசினாள். "ஏட்டி, ஒனக்கு இங்க என்ன கொறை வச்சோம்?" என்று கேட்டவளை, "ஆச்சி, நீங்களும் ஒரு விரல் வச்சுப் பாருங்களேன்" என்று யாரோ தூண்டிவிட, ஆச்சி வைத்தாள். கடையநல்லூரில், தங்கச்சியோடு பாய் போட்டுப் படுத்த நடுவறை, சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே என்றது பெட்டி. அவளுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. ஆச்சி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "வாட்டி, ரெண்டு பேரும் அவுகவுக வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வருவோம். கெழவன் நாலு நாளைக்கு இட்லி வாங்கித் திங்கட்டும்" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

கவுன்சிலர் செவத்தையா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் வைத்து மூன்று மாடி கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்டவர். பெட்டி அவருக்கு, அரிசி ஆலைக்குப் பின்னால் தவிட்டு மூட்டை அடுக்கிய கொட்டகையில் மூன்றாவது மூட்டையின் மேல் என்றது.

"ஏ தாயி, இத மாத்திப் போடு" என்றார்.

"முடியாதுங்க அண்ணாச்சி. இது நான் வச்ச பெட்டியில்ல, அதுவா நெரப்பிக்கிடுத பெட்டி. பாருங்க, மாத்தச் சொல்லி எழுதுதேன்." எழுதினாள். இந்தப் பெயருக்கு மதிப்புக் கொடுக்க அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

"அனுமதி யாருகிட்ட வாங்கணும்? கலெக்டரா, எம்மெல்லேயா? ஆளச் சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்."

"யாருகிட்டயும் இல்லங்க."

"அனுமதி இல்லைன்னா, கொடுக்க ஒரு ஆளு இருக்கணும்ல? இல்லாத ஆளு எப்படி இல்லைன்னு சொல்லுவான்?" என்று செவத்தையா நியாயம் கேட்டார். வடிவு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவருக்குப் பிறகும் நாற்பது பேர் வந்து கெஞ்சியும் அதட்டியும் கேட்டார்கள். நாற்பது பேரிடமும் அவள் முடியாது என்றே சொன்னாள்.

வடிவு தன் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்திருந்தாள். முதல் வாரத்தில், ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. கடை எண் நான்கு, கணினி மேசை, மணிக்கட்டைத் தாங்கும் ஓரம் என்றது. உடனே அந்தச் சாளரத்தை மூடிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை, மகளைத் தவிர.

மகள் பவதாரணிக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கோடை விடுமுறை என்பதால் நாள் முழுக்கக் கடையில்தான் இருந்தாள். அம்மாவைப் பார்த்துப் பார்த்து அவளும் பெட்டி வைக்கக் கற்றிருந்தாள். பசி என்று ஒரு பெட்டி வைத்து அதில் ஒன்றைப் போட்டு, ஒன்று இருந்தால் மணியடி என்று எழுதி, மாசிலாமணி கடை வடை வரும்வரை மணியடிக்க விட்டவள் அவள். "யம்மா, ஒன் வீடு இந்த மேசைதானா?" என்று அன்று கேட்டாள். வடிவு, "சும்மா இரு" என்றாள்.

வடிவு அந்தச் சாளரத்தை ஏன் அவ்வளவு அவசரமாக மூடினாள் என்பதற்குக் காரணம் உண்டு. அவளுடைய புருஷன் கோமதிநாயகம் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு மேலே ஏறிப் பழுது பார்க்கிற வேலை செய்கிறவர். கம்பெனி அங்கேயே வேலையை நிரந்தரமாக்கியபோது, குடும்பத்தோடு போய்விடலாம் என்றார். வடிவு அப்போதுதான் கடை போட்டிருந்தாள். ஒரு வருஷம் பொறுங்கள் என்றாள். அடுத்த வருஷமும் ஒரு வருஷம் பொறுங்கள் என்றாள். மூன்றாம் வருஷம் சண்டை வந்தது. "ஒனக்குப் புருஷன் வீடு வேண்டாம், பிள்ளையோட வீடு வேண்டாம், ஒனக்கு வீடு அந்தக் கடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். பள்ளி நாளெல்லாம் அம்மாவோடு, சனி ஞாயிறு அப்பாவோடு என்று பிள்ளையைப் பங்கு வைத்தார்கள். பிறகு நாயகம் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தாய் கடையை விட்டு வர எட்டு மணி ஆகிறது, பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து பரோட்டா தின்று வளர்கிறது, தனக்கு இரண்டு அறை வைத்த வாடகை வீடு இருக்கிறது, பிள்ளை தன்னோடு இருக்கட்டும் என்று கேட்டார். ஒன்றும் பொய்யில்லை.

அந்த வழக்கு முடிகிற நேரத்தில்தான் பெட்டி பேசத் தொடங்கியிருந்தது. பத்து வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றி அப்பாவா அம்மாவா என்று கேட்பதைவிட, மூன்று பேருடைய கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தால் போயிற்று என்று நாயகத்தின் வக்கீல் சொன்னார். ஆலங்கரையில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ரப்பர் முத்திரையே வந்துவிட்ட பிறகு கோர்ட்டுக்கு மட்டும் என்ன? ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்த நீதிபதி அம்மாளும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, புதன்கிழமை காலை பத்தரைக்குக் கணினியைக் கொண்டுவாருங்கள் என்று எழுதினார்.

"ஒனக்கென்ன தாயி, கவலைப்படாத. பிள்ளைய விட வேற எது ஒனக்கு வீடு?" என்று மாசிலாமணி தேறுதல் சொன்னார். வடிவு ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் வைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், பவதாரணி தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வடிவு ஏழு வரி எழுதினாள். தானாக நிரம்புகிற பெட்டியை மாற்றத்தான் முடியாது. அதற்கு முன்னால் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்த முடியும். தானே ஒரு பெட்டி செய்து, அதற்குள், மேலத்தெரு வீட்டில் பவதாரணி படுக்கிற கட்டிலின் இடது பக்கம் என்று நிரப்பி, ரேகை வடிவுடையதாக இருந்தால் இதைக் காட்டு, மற்றவர்களுக்கெல்லாம் அதைக் காட்டு என்று எழுதினாள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக வந்தது. அதே எழுத்து, அதே சாளரம்.

பவதாரணி தட்டை மடியில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். "இது நீ வச்ச பெட்டில்லா?"

"ஆமா."

"கோர்ட்டுக்கா?"

"ஆமா."

பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டது. "ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டது. வடிவு எழுந்து ஊறுகாய் எடுத்து வைத்தாள்.

செவ்வாய் சாயங்காலம் வழக்கம்போல் வீடு பார்க்கிற கூட்டம் வந்தது. கடைசி ஆளாக, பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர். பெட்டி அவருக்கு ஏதோ ஒரு பனிமலையில் கூடாரம் என்றது. "என் அம்மா வெளிய நிக்கா. அவகிட்ட நம்ம வீட்டத்தான் காட்டிச்சுன்னு சொல்லணும். ஒரு தடவ மாத்திக் காட்டுங்க மதினி" என்றார். வடிவின் வாய் வழக்கம்போல் முடியாது என்று சொல்லத் திறந்தது. நேற்றுவரை அது உண்மை, இன்றைக்கு அது பொய். முடியும், ஏழு வரி போதும். அந்த நாற்பது பேருக்கும் முடிந்திருக்கும். "இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய், அந்த அம்மாவைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, திரையைக் காட்டாமல், "உங்க பையன் கதை ஒண்ணு சொல்லணும்கிறாரு, கேளுங்க" என்றாள். அவர்கள் இருவரும் கடை சாத்தும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை வடிவு அந்த ஏழு வரியை அழித்தாள். பவதாரணி தலைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே, "எடுத்துட்டியா?" என்றாள். "எடுத்துட்டேன்" என்றாள் வடிவு. "தோத்துருவியே?" "தலைய ஆட்டாத, ரிப்பன் கோணுது."

கணினியை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். திரைப்பெட்டியைப் போர்வையால் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் மாசிலாமணி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் கருவியைப் பவதாரணி கையில் பிடித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் குமாஸ்தாவின் மேசையைக் காலி செய்து கொடுத்தார்கள். வடிவு கம்பிகளைச் சொருகி, திரை எல்லாருக்கும் தெரிகிறபடி திருப்பிவைத்தாள். நாயகம் வெள்ளைச் சட்டை போட்டு, ஷேவ் செய்து, சுவரோரம் நின்றார். மகளைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். அவளும் தூக்கினாள்.

"முதல்ல நான் பாத்துக்கிடுதேன்" என்று நீதிபதி அம்மாள் எழுந்து வந்து தன் கட்டைவிரலை வைத்தார். திரையில் வந்ததைப் படித்தார். "சரி. வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு, யாரும் படிப்பதற்குள் சாளரத்தை மூடச் சொன்னார்.

அடுத்து வடிவு. கடை எண் நான்கு, கணினி மேசை, மணிக்கட்டைத் தாங்கும் ஓரம். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாசிலாமணி மேலே மின்விசிறியைப் பார்த்தார். நாயகத்தின் வக்கீல், "எங்க கட்சிக்காரர் மனுவில் நாலாவது பத்தியில் இதையேதான் சொல்லியிருக்கிறார்" என்று பத்தியின் எண்ணைக் குறிக்கச் சொன்னார். நாயகம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஜெயித்தவர்போல் நிற்கவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனவர், அது எழுத்தில் வரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

பிறகு அவர் வந்து கட்டைவிரலை வைத்தார்.

ரேகை பொருந்தியது. பெயர் கோமதிநாயகம் என்று வந்தது. வீடு என்ற சொல் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

காற்றாலை மசகு விரலில் ஏறியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார்கள். கழுவிவந்து வைத்தார். இடது கட்டைவிரலை வைத்தார். மூன்று தடவையும் அப்படித்தான். ஆலங்கரையில் அதுவரை எண்ணூறு பேருக்குமேல் விரல் வைத்திருந்தார்கள். ரயில் கதவும் தவிட்டு மூட்டையும் வந்ததே தவிர, ஒருவருக்கும் இப்படி வந்ததில்லை.

"மெஷின் பழுது" என்றார் அவருடைய வக்கீல்.

"எப்படிப் பழுதாகும்? வீடு இல்லாதவர் வீட்டுக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று எழுந்தார் வடிவின் வக்கீல். மேசையின் ஓரமே ஆனாலும் ஒன்றும் இல்லாததைவிட மேல்தானே என்று அவர் கேட்டபோது, பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நீதிபதி அம்மாள் கையமர்த்தினார். "இதைப் பற்றித் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். நீங்களே சொல்லுங்க. பழுதா, இல்லையா?"

வடிவின் கைகள் மடியில் இருந்தன. பழுது என்று சொன்னால் அவளுடைய மேசையும் சேர்ந்து பழுதாகிப் போகும். வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும். இல்லை என்று சொன்னால் பிள்ளை அவளுக்கு. அவள் நாயகத்தைப் பார்த்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையில் இன்னும் ஏதாவது வருமா என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வடிவு விசையை அழுத்தினாள். தானாக நிரம்புகிற பெட்டிகள் எல்லாம் வரிசையாகத் திரைக்கு வந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தேதி, சரி. மணி, சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. திரையின் அகலம், சரி. கணினியின் பெயர், சரி. அவள் அழுத்துமுன் விசையை யாரும் தொடாமல் இருந்த நேரம், நாற்பத்தொரு வினாடி. அவ்வளவு நேரம் அவள் யோசித்திருந்தாள்.

"பழுது இல்லம்மா" என்றாள். "காலியா இருக்கு."

"ரெண்டு ரூம் இருக்கு" என்றார் நாயகம். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. "ஒரு ரூமுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கேன். பவா கேட்ட பச்சை. கொசுவலை மாட்டியிருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் அவ வந்து..." மாசிலாமணி எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டார். அவர் உட்காரவில்லை.

நீதிபதி அம்மாள் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "பாப்பா, இங்க வா. நீயும் விரல் வைக்கிறியா?" என்று கேட்டார்.

பவதாரணி கருவிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. கருவியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம்."

"அப்ப நீயே வாயால சொல்லு. யாரோட இருக்க?"

"அப்பாவோட."

வடிவு எதையோ சொருகப்போவதுபோல் ஒரு கம்பியை எடுத்தாள். அது ஏற்கெனவே சொருகித்தான் இருந்தது.

"ஏன்னு சொல்லுவியா?"

"அம்மாக்குத்தான் வீடு இருக்கே" என்றாள் பவதாரணி.

நீதிபதி அம்மாள் அதை எழுதிக்கொண்டார். குமாஸ்தா உத்தரவைத் தட்டச்சு செய்தார். மத்தியானம் மேலத்தெரு வீட்டுக்குப் போய்த் துணிகளையும் புத்தகங்களையும் இரண்டு பையில் எடுத்து வைத்தார்கள். நாலரை மணி பஸ்ஸில் பவதாரணி தன் அப்பாவோடு ஆரல்வாய்மொழிக்குப் போனாள்.